குலசேகரன் ராஜ்யம் எங்கே போயிற்று?



மலர்க் குழுவிலிருந்து போன் போட்டு, "நீ குலசேகரன்பட்டினம் பக்கத்துக்காரன்தானே, ராக்கெட் தளம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடு" என்றார்கள். ராக்கெட் பற்றி எழுத விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் மின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் சாதாரண மெக்கானிக்கல் ஆசாமி. ஆனால் ரொம்ப நாளாக ஒரு கேள்வி மனதில் கிடக்கிறது. குலசேகரன்பட்டினம் என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அந்தக் குலசேகரன் எங்கே? அவன் ஆண்ட ராஜ்யம் எங்கே? சோழன் பெயரைச் சொன்னால் தஞ்சாவூர்க் கோபுரத்தைக் காட்டலாம். எங்கள் ஊர்க் கடற்கரையில் நின்றுகொண்டு எதைக் காட்டுவது?

மெக்கானிக்கல்காரனுக்கு எதற்குச் சரித்திரம் என்று சிலர் கேட்கலாம். ஒரு மெஷின் உடைந்தால் ஏன் உடைந்தது என்று பார்ப்பதுதானே நம் வேலை. ராஜ்யமும் ஒரு வகையில் மெஷின்தான்.

சட்டம் போட்டு மூடிய ராஜ்யம்

முதலில் கொஞ்சம் வெளியூர்க் கதை. சில வருஷங்களுக்கு முன்னால் கம்பெனி வேலையாக ஆறு மாதம் ஜெர்மனியில் இருந்தேன். அங்கே என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், தன் அப்பா பிறந்த நாடு இப்போது எந்த மேப்பிலும் இல்லை என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜந்தான். அந்த நாட்டின் பெயர் பிரஷ்யா.

1701-ஆம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி, பால்டிக் கடலோரத்தில் கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரில் முதலாம் பிரெடெரிக் தன் தலையில் தானே கிரீடம் வைத்துக்கொண்டு, 'நான் பிரஷ்யாவில் ராஜா' என்று அறிவித்தார். அதற்குப் பிறகு அந்த ராஜ்யம் வளர்ந்த வேகம் பயங்கரம். 1866-ல் ஹானோவர் என்ற பக்கத்து ராஜ்யத்தை முழுசாக விழுங்கியது. 1871-ல் ஜெர்மனியை ஒன்றாக்கித் தன் ராஜாவையே சக்கரவர்த்தி ஆக்கியது. 1918-ல் முதல் உலகப்போர் முடிவில் ராஜா போனார். பிரஷ்யா என்ற மாநிலம் மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு 1947 பிப்ரவரி 25-ந் தேதி நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு கூடி, 46-ஆம் எண் சட்டம் என்று ஒன்றைப் போட்டது. பிரஷ்யா கலைக்கப்பட்டது. அவ்வளவுதான், ஒரே ஒரு தாளில் கதை முடிந்தது!

கிரீடம் வைத்த கோனிக்ஸ்பெர்க் சோவியத் ரஷ்யாவுக்குப் போயிற்று. 1946-லேயே அதற்குக் கலினின்கிராட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள். ராஜ்யமும் போயிற்று, ஊர்ப் பெயரும் போயிற்று, ஜனங்களும் போனார்கள்.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். பிரஷ்யாவின் கடற்கரையில் ஆம்பர் கிடைக்கும். பழங்காலத்து மரப்பிசின் கல்லாக இறுகிப்போய், மஞ்சளாக மின்னும் பொருள். அலை ஒதுக்கிப்போடும் அந்தப் பிசின் முழுக்க ஆள்பவர்களுக்கே சொந்தம். சாதாரண ஜனம் தொட்டால் தண்டனை. கேட்டவுடன் எனக்கு நம்ம ஊர் முத்துதான் ஞாபகம் வந்தது. அவர்களுக்கு ஆம்பர், நமக்கு முத்து. அவர்கள் ராஜ்யம் செத்த தேதி தெரிகிறது. நம்முடையது எந்தத் தேதியில் செத்தது? யாராவது சொல்லுங்களேன் பார்ப்போம்!

யார் இந்தக் குலசேகரன்?

பாண்டியர்களில் குலசேகரன் என்ற பெயர் ஒருவருக்கு இரண்டு பேருக்கு இல்லை, பல பேருக்கு உண்டு. ஆனால் எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வது மாறவர்ம குலசேகர பாண்டியனைத்தான். கி.பி. 1268-ல் பட்டத்துக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்டவர். நாற்பது வருஷம்! நம்ம காலத்து அரசியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவருக்கு முன்னால் இருந்த சடையவர்ம சுந்தர பாண்டியன் ராஜ்யத்தைப் பெரிதாக்கி, சிதம்பரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் பொன் வேய்ந்தவர். குலசேகரன் அந்த மிச்ச வேலையை முடித்தார். 1279-ல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழ ராஜ்யம் சரித்திரத்திலிருந்தே காணாமல் போனது. முடித்தவர் நம்ம ஆள். மலை தாண்டி வேணாட்டை ஜெயித்து 'கொல்லம் கொண்டான்' என்ற பட்டம் சூட்டிக்கொண்டார். அவருடைய தளபதி ஆரியச் சக்கரவர்த்தி கடல் தாண்டி இலங்கைக்குப் போய், யாப்பகூவா கோட்டையைப் பிடித்து, சிங்கள ராஜாக்கள் உயிராய்ப் போற்றிய புத்தர் பல்லையே பாண்டிய நாட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் வந்து கேட்டுத்தான் அதை வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஆக, தெற்கே அவரை எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. சோழனை முடித்த முப்பத்திரண்டாவது வருஷம் அவருடைய மதுரையே காலியாகக் கிடந்தது. இது எப்படி நடந்தது?

காயல் துறை

அந்தக் காலத்தில் பாண்டிய நாட்டின் வாசல் காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த துறைமுகம். வெனிஸ்காரர் மார்க்கோ போலோ சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில், 1290-களின் தொடக்கத்தில் இந்தக் கரையைப் பார்த்துவிட்டுப் போய் எழுதிவைத்திருக்கிறார். ஏடன், ஹோர்முஸ், கிஷ், இன்னும் அரபு நாட்டுத் துறைகளிலிருந்து வரும் கப்பலெல்லாம் காயலில் வந்து நிற்கும், அவற்றில் முக்கியமான சரக்கு குதிரை என்கிறார்.

முத்துக் குளிப்பு பற்றியும் சொல்கிறார். எடுக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. சுறா வராமல் மந்திரம் போட்டுக் கடலைக் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. எங்கள் பக்கம் அவரைக் கடல்கட்டி என்பார்கள். அந்த வேலையும் ஊதியமும் வெள்ளைக்காரன் காலம்வரை நம்ம கரையில் தொடர்ந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். முத்து உள்ளே இருந்து வெளியே போகிறது. குதிரை வெளியே இருந்து உள்ளே வருகிறது. பாரசீகச் சரித்திரக்காரர் வஸ்ஸாப் ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று எழுதுகிறார். கிஷ் தீவின் வியாபாரி ஜமாலுத்தீன் வருஷத்துக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம். 1,400-ஐ 220-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 3,08,000 தினார். இது ஒரு வியாபாரியின் கணக்கு மட்டும். இதைவிடப் பெரிய ஆச்சரியம், கடலில் செத்துப்போகிற குதிரைக்கும் பாண்டிய கஜானா பணம் கொடுத்துவிடும்! இப்படி ஒரு கான்ட்ராக்ட் இன்றைக்கு எந்த பர்ச்சேஸ் ஆபீசர் கையெழுத்துப் போட்டாலும் மறுநாள் விஜிலன்ஸ் வந்து நிற்கும்.

உயிரோடு கரையேறிய குதிரையாவது நிலைத்ததா? அதுவும் இல்லை. நம்ம சீதோஷ்ணம் அரபுக் குதிரைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பராமரிக்கத் தெரிந்த ஆட்களும் இல்லை. ஒரு வருஷம் முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போகும் என்று மார்க்கோ போலோ சொல்கிறார். அடுத்த வருஷம் மறுபடி ஆர்டர். ஸ்பேர் பார்ட்ஸ் முழுக்க இறக்குமதி, உள்ளூரில் சர்வீஸ் கிடையாது என்கிற மெஷினை வைத்துக்கொண்டு பிளான்ட் ஓட்டுகிற மாதிரி.

அந்த ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், காயலிலேயே இருந்து, பாண்டிய மன்னனின் மந்திரியாகவும் துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் இருந்தார் என்றும் வஸ்ஸாப் எழுதுகிறார். சரக்கு அனுப்புவது அண்ணன், வாங்குவது தம்பி. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் மதமும் தேசமும் பார்க்காமல் திறமை இருந்தவனை மந்திரி ஆக்கினான் பாண்டியன் என்பது பெருமையான விஷயம். அந்த வியாபாரிகள் வந்து தங்கிய காயலின் பழைய வாழ்க்கையைக் காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களில் இன்றைக்கும் பார்க்கலாம். நான் சொல்ல வருவது வேறு. படைபலம் முழுக்க ஒரே ஒரு கடல்வழியை நம்பி இருந்தது. கஜானா முழுக்க ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. மதுரைக் கஜானாவில் 1,200 கோடிப் பொன் இருந்தது என்று அதே வஸ்ஸாப் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் பாண்டியனின் பணம் பாரசீகத்தில் பேசப்பட்டது என்றால் டில்லியில் பேசப்படாமலா இருந்திருக்கும்?

அம்மா இருக்கும் வரை

மார்க்கோ போலோ எழுதிய ஒரு சின்ன விஷயத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நாட்டைச் சகோதரர்கள் ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டு ஆள்கிறார்களாம். அவர்களுக்குள் அடிக்கடி சண்டை கிளம்புமாம். ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் புறப்படும்போது, பெற்ற தாய் குறுக்கே வந்து நின்று, நீங்கள் சண்டை போட்டால் உங்களுக்குப் பால் கொடுத்த இந்த மார்பை அறுத்துக்கொண்டு செத்துப்போவேன் என்பாளாம். பிள்ளைகள் அடங்கிப்போவார்கள். இந்த அம்மா கண்ணை மூடிய பிறகு இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளப்போவது நிச்சயம் என்று முடிக்கிறார்.

வெளியூர்க்காரன் கண்ணுக்குத் தெரிந்த விரிசல் அது. ராஜ்யத்தைத் தாங்கியது சட்டமோ ஏற்பாடோ இல்லை. ஒரு கிழவியின் கண்ணீர்.

பாண்டியர்களுக்கு இது பழைய வியாதி. குலசேகரனுக்கு நூறு வருஷத்துக்கு முன்னால், 1160-களில், பராக்கிரம பாண்டியன் என்பவனுக்கும் இன்னொரு குலசேகரனுக்கும் மதுரைக்காகச் சண்டை வந்தது. ஒருவன் இலங்கை ராஜாவைக் கூப்பிட்டான்; இன்னொருவன் சோழனைக் கூப்பிட்டான். வந்த இரண்டு படையும் சேர்ந்து பாண்டிய நாட்டைத்தான் மிதித்தன. ஒரு தடவை பட்டும், அடுத்த ராஜா யார் என்பதற்கு ஒரு திட்டமான விதியை அவர்கள் உண்டாக்கவே இல்லை. பல பேர் ஒரே சமயத்தில் முடிசூட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு பகுதியை ஆளும் வழக்கம் அப்படியே தொடர்ந்தது.

நம்ம குலசேகரனுக்கு இரண்டு மகன்கள். பட்டத்தரசிக்குப் பிறந்தவன் சுந்தர பாண்டியன். வேறு மனைவிக்குப் பிறந்தவன் வீர பாண்டியன். அப்பாவுக்கு வீர பாண்டியன் மேல் பிரியம். அவனையே தனக்கு அடுத்தவனாக முன்னிறுத்தினார். 1310-ல் சுந்தர பாண்டியன் பெற்ற அப்பாவையே கொன்றுவிட்டான் என்று வஸ்ஸாப் எழுதுகிறார். இதைச் சந்தேகிக்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. கொலை நடந்ததோ இல்லையோ, அண்ணன் தம்பி சண்டை நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

1311, ஏப்ரல்

அலாவுத்தீன் கில்ஜியின் தளபதி மாலிக் கபூர் அப்போது துவாரசமுத்திரத்தில் ஹொய்சள ராஜாவை அடக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். 1311 மார்ச் 10-ந் தேதி அங்கிருந்து தெற்கே கிளம்பினார். வழியில் பேய் மழை, ஆறெல்லாம் வெள்ளம். வீர பாண்டியன் எதிரே வந்து பெரிய யுத்தம் செய்யவில்லை. காட்டுக்குள் போய் மறைந்து மறைந்து தப்பித்தான். கடைசிவரை அவனைப் பிடிக்க முடியவில்லை. ஏப்ரல் 10-ந் தேதி வாக்கில் மாலிக் கபூர் மதுரைக்கு வந்தபோது ஊர் காலி. இரண்டு வாரத்தில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு டில்லிக்குத் திரும்பிவிட்டார்.

அள்ளியது எவ்வளவு? அந்தக் காலத்திலேயே கேட்டறிந்து எழுதிய அமீர் குஸ்ரு 512 யானை, 5,000 குதிரை என்கிறார். பின்னால் எழுதிய பரனி 612 யானை, 20,000 குதிரை என்கிறார். நடுவில் 15,000 குதிரை எப்படி முளைத்தது என்று தெரியவில்லை! எது சரியாக இருந்தாலும், கடல் தாண்டிக் காசு கொட்டி வாங்கிய குதிரைகள் ஒரு யுத்தத்துக்கும் உதவாமல் டில்லிக்கு நடந்தன.

நம்மில் பலர் பாண்டிய ராஜ்யத்தை மாலிக் கபூர் அழித்தார் என்றே படித்திருக்கிறோம். என் தொழில் புத்தி அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. டர்பைன் ட்ரிப் ஆகும்போது கடைசியாக எரிந்த சிவப்பு விளக்கைக் காரணம் என்று ரிப்போர்ட்டில் எழுதினால் எங்கள் சீஃப் பேப்பரைத் திருப்பி எறிவார். அதற்கு முன்னால் எது எது, எந்த வரிசையில் கெட்டது என்று கேட்பார். மாலிக் கபூர் அந்தச் சிவப்பு விளக்கு. அவர் வந்தது ஒரு மாதம், போனது ஒரு மாதம். அண்ணன் தம்பி ஒன்றாக இருந்திருந்தால் அடுத்த வருஷமே மறுபடி எழுந்து நின்றிருக்கலாம். எழவில்லை. மறு வருஷமே வேணாட்டு ரவிவர்ம குலசேகரன் மலை இறங்கி வந்து காஞ்சிபுரம் வரை போய்விட்டார். பிறகு வாரங்கல் காகதீயர் படை வந்தது. மறுபடி டில்லிப் படை வந்தது. 1323-ல் பாண்டிய நாடு டில்லி சுல்தானியத்தின் ஒரு மாகாணம் ஆகிவிட்டது.

முந்நூறு வருஷம் மெல்லச் செத்தது

1335-ல் மதுரையில் டில்லியின் அதிகாரியாக இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் கான், தானே சுல்தான் என்று அறிவித்துக்கொண்டார். மதுரை சுல்தானியம் சுமார் நாற்பது வருஷம் இருந்தது. உலகம் சுற்றிய இபின் பதூதா 1340-களில் அங்கே வந்து அந்த ஆட்சியின் கொடுமைகளைப் பார்த்து மனம் நொந்து எழுதியிருக்கிறார். 1370-களில் விஜயநகரத்துக் குமார கம்பணர் வந்து அதை முடித்தார். ஆனால் மதுரை மறுபடி பாண்டியனிடம் நிலைத்து வரவில்லை.

பாண்டியர்கள் எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை, நம்ம பக்கம்தான் வந்தார்கள்! திருநெல்வேலிச் சீமைக்கு ஒதுங்கி, தென்காசியில் ராஜ்யம் நடத்தினார்கள். 1422-ல் பட்டத்துக்கு வந்த பராக்கிரம பாண்டியன்தான் தென்காசி காசிவிசுவநாதர் கோயிலைக் கட்டியவர். வேலை தொடங்கியது 1446-ல். அந்தக் கோயில் கல்வெட்டில் அவர் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறார். இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதாவது பழுது வந்தால் அதைச் சரிசெய்து காப்பாற்றப்போகிறவர்களின் காலில் இப்போதே விழுந்து கும்பிடுகிறேன் என்பது அதன் சாரம். ஒரு ராஜா, முகம் தெரியாத நம்மையெல்லாம் பார்த்துக் கும்பிடுகிறார்! அவருடைய பாட்டன்மார் யார் காலிலும் விழுந்தவர்கள் இல்லை. தன் வம்சம் நிற்காது என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் இடிந்து பாழாகிக் கிடந்த அந்தக் கோபுரத்தை 1990-ல் புதிதாகக் கட்டி முடித்தார்கள். அவர் கும்பிட்டது வீண்போகவில்லை.

1564-ல் வந்த அதிவீரராம பாண்டியன் பெரிய புலவர். நைடதம் பாடியவர், நம்ம பாட்டிமார் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வெற்றிவேற்கையும் அவருடையதுதான். அவர் காலத்தில் மதுரையில் நாயக்கர் ஆட்சி வேரூன்றிவிட்டது. பாண்டியர் கையில் படை சுருங்கிப்போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரகுணராம பாண்டியனோடு அந்த வரிசை மங்கி மறைகிறது. யாரும் சட்டம் போடவில்லை. யாரும் கடைசி யுத்தம் செய்யவில்லை. கல்வெட்டில் பெயர் வருவது நின்றுபோயிற்று, அவ்வளவுதான்.

கடலும் கைவிட்டது

நம்ம கதையில் இன்னொரு பாத்திரம் உண்டு: தாமிரபரணி. பாண்டியரின் ஆதித் துறைமுகம் கொற்கை. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த செங்கடல் வழிக் கையேட்டில் கொற்கை முத்துக் குளிப்பு வருகிறது. மரண தண்டனைக் கைதிகளை இறக்கி முத்து எடுத்தார்கள் என்று சொல்கிறது. இன்றைக்குக் கொற்கையில் நின்றால் வாழையும் வயலும்தான். கடல் சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் துறையை மூடிவிட்டது. ஜனங்கள் கடலைத் துரத்திக்கொண்டு போய்க் காயலை உண்டாக்கினார்கள். காயலையும் மண் மூடியது. பிறகு தூத்துக்குடி எழுந்தது.

மார்க்கோ போலோ பார்த்த காயல் இன்றைய பழையகாயல்தான் என்று 1870-களில் கால்டுவெல் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். சீனத்துப் பீங்கான் ஓடுகளும் அரபு நாட்டு ஓடுகளும் அங்கே சிதறிக் கிடந்ததையும் குறித்தார். காயல்பட்டினத்துக்காரர்கள், இல்லை எங்கள் ஊர்தான் என்பார்கள். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரண்டு பக்கமும் எனக்குச் சிநேகிதர்கள் இருக்கிறார்கள். பழையகாயல் உப்பளத்தில் ஒரு பெரியவரிடம், "இங்க துறைமுகம் எங்க அண்ணாச்சி இருந்துச்சு?" என்று கேட்டேன். "தொறமொகமா? எங்க தாத்தா காலத்துலயே கெடையாதுடே. மண்ணக் கிண்டுனா ஓட்டாஞ்சில்லு வரும், அவ்ளோதான்" என்றார். மேற்கொண்டு கேட்க எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இன்னொரு விசித்திரம். ஆற்றின் மேலே ஆதிச்சநல்லூரில் முதன்முதலாகத் தோண்டியவர் யார் தெரியுமா? பெர்லினிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர், 1876-ல். கிடைத்த பானைகளையும் இரும்புச் சாமான்களையும் பெர்லின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். அப்போது பெர்லின் பிரஷ்ய ராஜ்யத்தின் தலைநகர். செத்துப்போன நம்ம ராஜ்யத்தின் மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டுபோய்ப் பத்திரப்படுத்திய ராஜ்யமும் எழுபத்தோரு வருஷத்தில் செத்துப்போயிற்று. காலத்துக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது.

குலசை என்ற சின்ன ஊர்

ராஜ்யம் போன பிறகும் எங்கள் குலசை சும்மா இருக்கவில்லை. பாரி கம்பெனி 1910-களில் இங்கே கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை வைத்து, திசையன்விளை வரை குட்டி ரயில் ஓட்டியது. இரண்டடி அகலத் தண்டவாளம். 1940-ல் அந்த ரயில் நின்றது. இப்போது தண்டவாளம் இருந்த தடம்கூடச் சிரமப்பட்டுத்தான் தேட வேண்டும். 1942 செப்டம்பர் 20-ந் தேதி, ஆகஸ்ட் போராட்டத்தின்போது, இங்கே உப்பளத்தில் நடந்த மோதலில் லோன் என்ற வெள்ளைக்கார உப்பு அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு குறைக்கப்பட்டது. குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்று நாடே பேசியது. 1961-ல் தூத்துக்குடி முத்துக் குளிப்பும் நின்றது. கொற்கையில் தொடங்கி ஈராயிரம் வருஷம் ஓடிய தொழில் அது.

2024 பிப்ரவரி 28-ந் தேதி, இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால் இலங்கை குறுக்கே நிற்கிறது, வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேரே தெற்கே விட்டால் அண்டார்டிகா வரை வெறும் கடல்தான். சிறிய ராக்கெட்டுகளுக்கு இது பெரிய லாபம். குலசேகரனின் குதிரைகள் வந்து இறங்கிய கரையில் இனிமேல் நம்ம குதிரைகள் கிளம்பப்போகின்றன. அதுவும் உள்நாட்டுத் தயாரிப்பு! எனக்கு இதில் சந்தோஷம் உண்டு.

கூடவே ஒரு கவலையும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். இந்தத் தளத்துக்காக இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். மாதவன்குறிச்சி, பள்ளக்குறிச்சி, படுக்கப்பத்து என்ற ஊர்களின் நிலம். அதில் பனை விளைகள், தேரிக்காடு, வழிநடைத் தடங்கள், ஒவ்வொரு விளைக்கும் ஒரு பெயர். சர்வே நம்பர் பதிவேட்டில் இருக்கும். விளையின் பெயர் பதிவேட்டில் இருக்காது. அதைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயது ஆகிவிட்டது. பழைய கோயில்களில் கல்வெட்டின் மேல் வெள்ளையடிப்பதும், டைல்ஸ் ஒட்டுவதும், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து எழுத்தைத் தேய்ப்பதும் நம்ம கண்முன்னால் நடந்த விஷயங்கள். ஒரு பாண்டியன் எப்போது மறைந்தான் என்பது கல்வெட்டில் பெயர் நின்றதை வைத்துத்தான் தெரிகிறது என்றேனே, அந்தக் கல்லே போய்விட்டால் அவன் இருந்தான் என்பதற்கே சாட்சி இல்லை.

பிரஷ்யாவுக்கும் நமக்கும் இங்கேதான் வித்தியாசம். அங்கே ராஜ்யத்தோடு ஜனமும் ஊர்ப் பெயரும் போயின. காகிதம் மட்டும் மலை மலையாகப் பத்திரமாக இருக்கிறது. இங்கே ராஜ்யம்தான் போயிற்று. ஜனம் இருக்கிறது, பாஷை இருக்கிறது, குலசேகரன் பெயர் பஸ் போர்டில் இருக்கிறது. தசரா வந்தால் முத்தாரம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு ராஜா வேஷம் கட்டி, அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு, வீடு வீடாகக் காணிக்கை கேட்டு வருகிறார்கள் எங்கள் பையன்கள். பாண்டியன் கிரீடத்தைவிட அந்த அட்டைக் கிரீடத்துக்கு ஆயுசு கெட்டி. ஆனால் காகிதம்தான் நம்மிடம் இல்லை.

எனவே இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. உங்கள் பையில் இருக்கும் செல்போன் போதும். செமஸ்டர் லீவில் உங்கள் ஊர்க் கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ எழுத்துப் பொறித்த கல் இருந்தால் அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். வீட்டில் இருக்கும் தாத்தா ஆச்சியிடம் வயல், விளை, குளம், துறை இவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். யார் சொன்னது, என்ன தேதி என்றும் குறியுங்கள். நம்ம கல்லூரி நூலகத்தில் அதற்கு ஓர் அலமாரி ஒதுக்கினால், ஸ்கேனர் வாங்கும் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்ளும். நண்பர்களிடம் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தென்காசிக் கல்லில் கும்பிட்ட அந்த ராஜா, பின்னால் வரப்போகிறவர்கள் என்று சொன்னது யாரையோ அல்ல, நம்மைத்தான். ரீயூனியனில் சந்திப்போம். பேச இன்னும் நிறைய இருக்கிறது.